பவர் போட்டதும் வைஃபை வரவில்லை, டாங்கிளைப் பிடுங்கிச் செருகினால் வருகிறது (பீகிள்போன் பிளாக், எம்டி7601யு)

கேள்வி

வணக்கம் நண்பர்களே. பீகிள்போன் பிளாக் போர்டில் (கையடக்க லினக்ஸ் கம்ப்யூட்டர்) பில்ட்ரூட் (லினக்ஸ் சிஸ்டத்தை நாமே கட்டும் கருவி) வைத்து நானே இமேஜ் தயார் செய்து ஓட்டுகிறேன். டாங்கிள் (யூஎஸ்பியில் செருகும் வைஃபை கருவி) மீடியாடெக் எம்டி7601யு சிப் உள்ளது, யூஎஸ்பி ஐடி 148எஃப்:7601. பவர் போட்டு பூட் ஆனதும் பார்த்தால் டபிள்யூலான்0 (லினக்ஸில் வைஃபை இணைப்பின் பெயர்) இல்லை. டாங்கிளைப் பிடுங்கி மறுபடி செருகினால் உடனே வந்துவிடும், நெட்டும் நன்றாக ஓடும். ரீபூட் கொடுத்தால் சில சமயம் தானாகவே வருகிறது, அதுதான் பெரிய குழப்பம். கர்னல் (லினக்ஸின் மையப் புரோகிராம்) லாகில் எம்டி7601யு.பின் ஃபைலை (சிப்பில் ஏற்றி ஓட்ட வேண்டிய புரோகிராம், அதாவது ஃபர்ம்வேர்) ஏற்ற முடியவில்லை, எரர் -2 என்று இருக்கிறது. ஆனால் அந்த ஃபைல் ஃபர்ம்வேர் டைரக்டரியில் இருக்கிறதே! போர்டு பெட்டிக்குள் மூடி பம்ப் ரூமில் இருக்கப்போகிறது, கரண்ட் போய் வரும்போதெல்லாம் பிடுங்கிச் செருக அங்கே ஆள் கிடையாது.

பதில் 1

ஃபைல் இருக்கிறது, ஆனால் டிரைவர் தேடும் நேரத்தில் இல்லை. கர்னல் கான்ஃபிக்கில் எம்டி7601யு டிரைவரை 'ஒய்' என்று வைத்திருக்கிறீர்களா, 'எம்' என்றா? 'ஒய்' என்றால் டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருப்பதால், எஸ்டி கார்டில் உள்ள ரூட் ஃபைல்சிஸ்டம் (ஃபைல்கள் எல்லாம் இருக்கும் பகுதி) மவுண்ட் ஆகும் முன்பே, அதாவது படிக்கத் தயாராகும் முன்பே, டாங்கிளைப் பிடித்து ஃபர்ம்வேரைக் கேட்டுவிடும். -2 என்பதற்கு அப்படி ஒரு ஃபைலே இல்லை என்றுதான் அர்த்தம். லாகில் அந்த எரர் வந்த நேரத்தையும் ரூட் மவுண்ட் ஆன வரியின் நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், எரர்தான் முந்தி இருக்கும்.

ரீபூட்டில் சில சமயம் வருவதும் இதனால்தான். போர்டு ரீசெட் ஆகும்போது டாங்கிளுக்குப் போகும் மின்சாரம் அறுபடாவிட்டால் பழைய ஃபர்ம்வேர் சிப்பில் ஓடிக்கொண்டே இருக்கும், அதைப் பார்த்ததும் டிரைவர் மறுபடி ஏற்றாமல் வேலையைத் தொடர்ந்துவிடும்.

'எம்' ஆக்கி மாட்யூலாக (கர்னலுக்கு வெளியே தனி ஃபைலாக இருந்து பிறகு ஏற்றப்படும் டிரைவர்) வையுங்கள். அப்புறம், பில்ட்ரூட்டில் டிவைஸ் மேனேஜ்மென்ட் வெறும் டெவ்டிஎம்பிஎஃப்எஸ் (டிவைஸ் ஃபைல்களை மட்டும் உருவாக்கும் முறை) என்று இருந்தால் மாட்யூலைத் தானாக ஏற்ற யாருமே இருக்கமாட்டார்கள். அந்த வேலையைச் செய்யும் எம்டெவ் அல்லது இயூடெவ் தேர்ந்தெடுங்கள். பலரும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பதில் 2

மாட்யூலே வேண்டாம் என்றால் 'ஒய்' ஆகவே விட்டு, கர்னல் கான்ஃபிக்கில் எக்ஸ்ட்ரா ஃபர்ம்வேர் என்ற இடத்தில் ஃபைல் பெயரைக் கொடுத்தால் அது கர்னல் இமேஜுக்குள்ளேயே வந்துவிடும். 50 கேபிகூட வராத ஃபைல், இமேஜ் ஒன்றும் பெருத்துவிடாது.

பதில் 1

அது வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் பெட்டியை விற்கப் போகிறார் என்றால் கவனம் தேவை. ஜிபிஎல் (லினக்ஸ் கர்னலின் உரிமம்) அல்லாத ஃபர்ம்வேரைக் கர்னலோடு சேர்த்து விநியோகித்தால் அது உரிம மீறலாகலாம் என்று அந்த ஆப்ஷனின் உதவிக் குறிப்பே எச்சரிக்கிறது. ஃபர்ம்வேர் தனி ஃபைலாக இருந்தால் அந்தக் கேள்வியே எழாது, நான் எப்போதும் மாட்யூல் பக்கம்தான்.

கேட்டவர்

'ஒய்' என்றுதான் இருந்தது. மாட்யூலாக மாற்றி எம்டெவ் வைத்ததும் ஒவ்வொரு பூட்டிலும் வருகிறது, ரொம்ப நன்றி. இன்னொன்று: பெரிய ஃபைல் அனுப்பும்போது மட்டும் அறுந்துபோகிறது, லாகில் -71 என்று வரிசையாக வருகிறது. போர்டுக்குப் பவர் லேப்டாப்பின் யூஎஸ்பியிலிருந்து.

பதில் 3

-71 என்றால் யூஎஸ்பி தகவல் பரிமாற்றமே கெடுகிறது. டிரைவரை நோண்டும் முன் பவரைப் பாருங்கள். மினி யூஎஸ்பி வழியாகக் கொடுத்தால் போர்டுக்கும் டாங்கிளுக்கும் சேர்த்தே 500 மில்லிஆம்ப்தான், வைஃபை டேட்டா அனுப்பும்போது கூடுதலாக இழுக்கும். வட்ட ஜாக்கில் 5 வோல்ட் 2 ஆம்ப் அடாப்டர் போடுங்கள். 5 வோல்ட் மட்டும்தான், தப்பித்தவறி 12 வோல்ட் அடாப்டர் எதையும் அதில் செருகிவிடாதீர்கள். சிக்னலும் பலவீனமாக இருந்தால் குட்டை யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டாங்கிளைப் போர்டை விட்டுத் தள்ளி வையுங்கள், பக்கத்திலேயே எச்டிஎம்ஐ போர்ட் இருப்பதால் அதன் இரைச்சலும் படும்.

பெட்டியை மூடும் முன் ரீபூட் மட்டும் கொடுத்துப் பார்த்து நிறுத்திவிட வேண்டாம். அடாப்டரைக் கழற்றி, கொஞ்ச நேரம் விட்டு மாட்டிச் சோதியுங்கள், பம்ப் ரூமில் நடக்கப் போவது அதுதான்.