புதுப்பிப்பு: தாத்தாவின் நோட்டில் இருந்த வட்டங்கள்

செங்கோட்டையில் கூட்டுறவுக் கடன் சங்கச் செயலாளராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய என் தாத்தா காலமானதைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியபோது, அவருடைய சொந்த நோட்டில் சில பெயர்களுக்கு எதிரே சிறு வட்டம் போட்டிருப்பது ஏன் என்று கேட்டிருந்தேன். பதினாறாம் நாள் காரியத்தன்று விடை கிடைத்தது.

துக்கம் கேட்க வந்த முதியவர் ஒருவர், அந்த நோட்டில் தம் தாயாரின் பெயரைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். நெல் பொய்த்த ஓர் ஆண்டில் அந்த அம்மாள் அடகு வைத்திருந்த வளையல்கள் ஏலத்துக்குப் போகவிருந்த வேளையில், தாத்தா தம் சம்பளத்திலிருந்து வட்டியைக் கட்டிக் கடனைப் புதுப்பித்துத் தந்தாராம். வட்டமிட்ட பெயர்கள் அனைத்தும் அத்தகையவையே என்று, சங்கத்தில் அவருடன் வேலை பார்த்த பெரியவரும் உறுதிப்படுத்தினார். எங்கள் ஆச்சிக்குக்கூட இது தெரியாது.

பக்க ஓரங்களில் இருந்த 28 என்ற எண்ணும் இப்போது புரிகிறது. 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணையும் வரை எங்கள் ஊர் மலைக்கு அந்தப் பக்கத்துத் திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்தது. திருவிதாங்கூர் நாணயத்தில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். வயதான பெண்கள் அதன் பின்னரும் சக்கரக் கணக்கிலேயே பேசியதால், கைநாட்டு வாங்குவதற்கு முன் அவர்கள் மனம் தெளியும்படி தாத்தா இரு விதமாகவும் கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறார்.

நோட்டை ஆச்சி தம் பெட்டியில் வைத்துக்கொண்டார்.