ஆம்னி வேனைத் தாழ்த்தினால் சொகுசு எவ்வளவு குறையும், பிடிமானம் எவ்வளவு கூடும்?

கேள்வி – உச்சிப்புளியிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் ஒரு மாருதி ஆம்னி இருக்கிறது. வார நாட்களில் வயரிங் வேலைக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்துடன் இராமேசுவரம் போய் வருவதற்கும் அதையே பயன்படுத்துகிறேன். வேலை நாட்களில் மேல் கேரியரில் ஏணியும் பைப் கட்டுகளும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் அவற்றை இறக்குவதில்லை. வளைவுகளில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்வதும், பாம்பன் பாலத்தில் பக்கவாட்டுக் காற்று அடிக்கும்போது ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதும் எனக்கு நெடுநாள் கவலையாக இருந்து வருகிறது. அதனால் வண்டியை 50 மி.மீ. தாழ்த்தலாம் என்று நினைக்கிறேன்.

நான் கேட்ட பட்டறையில், முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிட்டு, பின்பக்கப் பட்டையில் (லீஃப் ஸ்பிரிங்) இரண்டு தகடுகளைக் கழற்றிவிட்டால் போதும், அரை நாளில் முடிந்துவிடும் என்கிறார்கள். ஆனால் பின் இருக்கையில் என் தாயார் உட்காருவார். அவருக்கு முதுகுவலி உண்டு. இப்போதே சிறு பள்ளத்தில் இறங்கினாலும் பின்பக்கம் தடதடவென்று அடிக்கிறது. தாழ்த்திய பிறகு அது இன்னும் மோசமாகுமா? சொகுசைக் கெடுக்காமல் பிடிமானத்தைக் கூட்ட வழி இருக்கிறதா? இந்தக் கடற்கரைச் சாலைகளில் வண்டி ஓட்டும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில் – கீழக்கரையிலிருந்து

தம்பி, பட்டறையில் சொன்ன இரண்டு வேலைகளும் ஒன்றுக்கொன்று எதிராக இழுப்பவை. சுருள் ஸ்பிரிங்கில் சுற்றுகள் குறைந்தால் அது விறைப்பாகும். வேலை செய்யும் சுற்றுகள் 7 என்று வைத்துக்கொண்டால், ஒன்றை வெட்டியதும் விறைப்பு 7/6 மடங்காகிறது, அதாவது ஏறக்குறைய 17 சதவீதம் கூடுகிறது. பட்டையில் தகடுகளைக் கழற்றினால் நேர்மாறாக அது இளகிவிடும், சுமை தாங்கும் வலுவும் போய்விடும். ஆக உங்கள் வண்டி முன்னால் கடினமாகவும் பின்னால் தொளதொளவென்றும் ஆகிவிடும். நல்ல பயணத்துக்குத் தேவைப்படுவது இதற்குத் தலைகீழான ஏற்பாடு.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது, பின்சக்கரம் சற்றுத் தாமதமாக ஏறுகிறது. ஆம்னியின் சக்கர இடைத்தூரம் 1,840 மி.மீ. மட்டுமே என்பதால், 60 கி.மீ. வேகத்தில் அந்தத் தாமதம் சுமார் 0.11 விநாடி. முன்பக்கம் ஆடத் தொடங்கிய பிறகு பின்பக்கம் ஆடத் தொடங்குவதால், பின்பக்கத்தின் ஆட்டம் சற்று வேகமாக இருந்தால்தான் இரண்டும் விரைவில் ஒன்றுசேர்ந்து வண்டி சமமாக எழுந்து அடங்கும். 1930களில் மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் இதை ஆராய்ந்து வகுத்தார், இன்றும் வண்டி வடிவமைப்பவர்கள் அதையே தொடக்கப் புள்ளியாகக் கொள்கிறார்கள். முன்பக்கம் விறைத்துப் பின்பக்கம் இளகினால் வண்டி முன்னும் பின்னும் தலையாட்டிக்கொண்டே போகும். ஆம்னியில் முன் இருக்கை முன்சக்கரத்தின் மேலேயே இருப்பதால் ஓட்டுபவருக்கும் அது வயிற்றைப் புரட்டும்.

அடுத்தது இடைவெளி. சக்கரம் மேலே எழும்போது ரப்பர் ஸ்டாப்பரில் இடிப்பதற்கு முன் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதில்தான் சொகுசே இருக்கிறது. உதாரணத்துக்கு அந்த இடைவெளி 70 மி.மீ. என்றால், 50 மி.மீ. தாழ்த்திய பிறகு மிஞ்சுவது 20 மி.மீ. ஆட்கள் ஏறியதும் அதிலும் பாதி போய்விடும். அதன் பிறகு ஸ்பிரிங் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை, ஒவ்வொரு பள்ளத்திலும் ரப்பர்தான் அடி வாங்கும். இந்திய சாலைப் பேராயத்தின் அளவுப்படி கட்டிய வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டது, அதன் வளைவு ஆரம் 17 மீட்டர். உங்கள் வண்டி அதன் நடுவில் நிற்கும்போது வயிற்றுப் பகுதியில் பறிபோகும் இடைவெளி 25 மி.மீ. அளவுதான். அதனால் அளவுப்படி கட்டியவை தொல்லை தருவதில்லை. ஊருக்குள் அவரவர் கான்கிரீட்டைக் குவித்துக் கட்டியவையும், தனுஷ்கோடிக்கு அப்பால் காற்று கொண்டுவந்து சாலையில் சேர்க்கும் மணலும்தான் தாழ்ந்த வண்டியின் அடிப்பாகத்தைப் பதம் பார்க்கும்.

இன்னொன்றை வண்டியைப் பார்க்காமலேயே சந்தேகப்படுகிறேன். பின்பக்கம் இப்போதே தடதடவென்று அடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நம் கடற்கரையில் உப்புக் காற்று பட்டைத் தகடுகளுக்கு நடுவே புகுந்து துருவை ஏற்றிவிடும். கழற்றிப் பார்த்தால் தகடுகளுக்கு இடையில் செங்கல் தூள் போல ஈரமான துரு அடைத்திருக்கும், மேல் தகட்டில் கீழ்த் தகட்டின் முனை அறுத்துப் போட்ட பள்ளம் கையில் தட்டுப்படும். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கினால்தான் பட்டை வளையும். துரு அவற்றைப் பூட்டிவிட்டால் சிறு அதிர்வுகளுக்குப் பட்டை அசையாது, அடி நேராக உடலுக்குப் போகும். பின் பம்பரைக் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். முதலில் அசையாமல் இருந்துவிட்டுப் பிறகு திடீரென்று இறங்கினால் பட்டை பூட்டிக்கிடக்கிறது என்று அர்த்தம்.

அப்படியிருந்தால் பட்டைக்கட்டைப் பிரித்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, வண்ணம் பூசி, கிராஃபைட் கிரீஸ் தடவி, முனைகளில் நைலான் துண்டுகளை வைத்துக் கட்டச் சொல்லுங்கள். யூ போல்ட்டுகளும் சென்டர் போல்ட்டும் புதியவையாகவே இருக்கட்டும். பட்டையின் முனையை உடலோடு இணைக்கும் ரப்பர் ஷாக்கிள் புஷ்களை இறுக்கும்போது வண்டியின் எடை சக்கரத்தில் இருக்க வேண்டும். தூக்கி நிறுத்தியபடியே இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே நின்று இன்னொரு ஸ்பிரிங் போல எதிர்க்கும். நம் பக்கத்துப் பட்டறைகள் பலவற்றில் இதைக் கவனிப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பதில் – தொண்டியிலிருந்து

மேலே கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்னதை அப்படியே ஏற்கிறேன். முன்பக்கத்தைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

ஆம்னியின் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் வகை, அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்பது. இந்த வகையில் உடலைத் தாழ்த்தும்போது, சக்கரத்தைக் கீழே உடலோடு இணைக்கும் லோயர் ஆர்மின் வெளிமுனை மேல்நோக்கி நிமிர்ந்துவிடுகிறது. அதனால் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, உடல் இறங்கிய அளவைவிடக் கூடுதலாகக் கீழே போய்விடுகிறது. ஈர்ப்பு மையம் இறங்கியது உண்மைதான். ஆனால் அதற்கும் சாய்வுப் புள்ளிக்கும் இடையிலுள்ள தூரம் வளர்ந்துவிடுவதால், அளவுக்கு மீறித் தாழ்த்திய வண்டி வளைவில் முன்பைவிட அதிகமாகச் சாயவும் கூடும். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணமும் ஆர்மின் கோணமும் பொருந்தாமல் போனால், பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பாமலேயே சக்கரம் தானாகத் திரும்பும்.

காற்றைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பக்கவாட்டுக் காற்று தள்ளுவதற்கு முதன்மைக் காரணம் வேனின் உயரமான, தட்டையான பக்கங்கள். உயரத்தை 50 மி.மீ. குறைப்பதால் அந்தப் பரப்பு மாறிவிடாது. நேராக ஓடும் உறுதியைத் தருவது காஸ்டர் கோணம், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சுக்கோடு பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும் அளவு. முன்பக்கத்தை மட்டும் தாழ்த்தி மூக்கைக் குனிய வைத்தால் காஸ்டர் குறையும், பாலத்தில் வண்டி இன்னும் அலையும். ஆகவே எவ்வளவு தாழ்த்தினாலும் முன்னும் பின்னும் ஒரே அளவாக இருக்கட்டும், முடிந்த கையோடு அலைன்மெண்ட் பார்த்துவிடுங்கள். தேய்ந்த டை ராடு முனைகளும் காற்றுக் குறைந்த டயர்களும் இதே அலைச்சலைத் தரும் என்பதால் முதலில் அவற்றைப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் மேல் கேரியரைக் கவனியுங்கள். ஆட்களோடு வண்டி 1,100 கிலோ என்றும், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 600 மி.மீ. உயரத்தில் இருக்கிறது என்றும் ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஏணியும் பைப்புகளும் சேர்ந்து 40 கிலோ எடை 1,900 மி.மீ. உயரத்தில் இருந்தால், மொத்த ஈர்ப்பு மையம் சுமார் 45 மி.மீ. மேலே போய்விடுகிறது. நீங்கள் ஸ்பிரிங்கை வெட்டிப் பெற நினைக்கும் பலனை, ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தச் சுமையை இறக்கி வைப்பதாலேயே பெரும்பாலும் பெற்றுவிடலாம். உங்கள் தாயாரின் முதுகுக்கும் அதனால் எந்தக் கேடும் இல்லை.

பதில் – இராமநாதபுரத்திலிருந்து

இரண்டு செய்திகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பின் அச்சிலிருந்து உடலுக்கு ஒரு சிறு கம்பி போய், பிரேக் அழுத்தத்தைச் சுமைக்கேற்ப மாற்றும் வால்வில் இணைந்திருக்கிறதா என்று உங்கள் வண்டியின் அடியில் பாருங்கள். இருந்தால், தாழ்ந்த உடலை அந்த வால்வு ‘சுமை ஏறியிருக்கிறது’ என்று எடுத்துக்கொண்டு பின்சக்கரங்களுக்குக் கூடுதல் அழுத்தத்தை அனுப்பும். காலி வண்டியில், மழையில் பிரேக்கை அழுத்தினால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலக்கூடும். தாழ்த்திய அளவுக்கு அந்தக் கம்பியையும் சரிசெய்தே ஆக வேண்டும். முகப்பு விளக்கின் கோணத்தையும் அப்படியே பார்க்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. வேலையைத் தொடங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்து மூலமாகக் கேட்டுவிடுங்கள். விபத்து நடந்த பிறகு இந்தக் கேள்வி எழுந்தால் இழப்பு உங்களுக்குத்தான்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. காக்கா சொன்னபடி பம்பரை அழுத்திப் பார்த்தேன், அவர் எழுதியது போலவே முதலில் பிடித்துக்கொண்டு பிறகு சட்டென்று இறங்குகிறது. பட்டைக்கட்டைப் பிரிக்கக் கொடுத்துவிட்டேன். கேரியரிலிருந்து எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் பாலத்தில் போனபோதே வித்தியாசம் தெரிந்தது. அடியில் அந்த வால்வுக் கம்பி இருக்கிறதா என்பதை, பட்டைக்காக வண்டியைத் தூக்கும்போதே பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இவ்வளவும் முடிந்த பிறகும் தாழ்த்த வேண்டும் என்று தோன்றினால், எந்த அளவோடு நிறுத்துவது? ஷாக் அப்சார்பரையும் மாற்ற வேண்டுமா?

பதில் – கீழக்கரையிலிருந்து

முதலில் ஷாக் அப்சார்பரை மாற்றுங்கள், நான்கையும் சேர்த்து. எண்ணெய் கசிந்து தளர்ந்த ஷாக்கோடு பட்டையிலிருந்து துருவின் உராய்வையும் எடுத்துவிட்டால், அதுவரை அந்த உராய்வு அடக்கிவைத்திருந்த ஆட்டமெல்லாம் வெளியே வந்துவிடும். புதிய ஷாக்கோடு சில வாரங்கள் ஓட்டிப் பார்த்துவிட்டு அதன் பிறகு தாழ்த்துவதைப் பற்றி முடிவு செய்யுங்கள்.

அப்போதும் வேண்டும் என்றால், இராமநாதபுரத்து நண்பர் சொன்னபடி எழுத்து மூலமான பதில் கையில் வந்த பிறகு, 20 முதல் 25 மி.மீ. வரை மட்டும். வெட்டிய ஸ்பிரிங் வேண்டாம். அந்த உயரத்துக்கென்றே செய்த, 10 முதல் 15 சதவீதம் மட்டுமே விறைப்புக் கூடிய ஸ்பிரிங்கைப் போடுங்கள். ஜாக்கியில் தூக்கிச் சக்கரம் முழுதாகத் தொங்கும்போதும் ஸ்பிரிங் அதன் தட்டில் இறுக்கமாக உட்கார்ந்திருக்க வேண்டும். வெட்டிய ஸ்பிரிங் அப்போது தளர்ந்து நகர்ந்துவிடும், மறுபடி இறங்கும்போது கோணலாக உட்காரும். கேஸ் வைத்துச் சூடாக்கித் தாழ்த்துகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். சூட்டில் எஃகின் பதம் போய்விடும், அது எந்த நாளில் ஒடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. பின்பக்கத்தில் தகட்டைக் கழற்றாமல், பட்டையின் வளைவை முறையாகக் குறைத்துத் தரும் பட்டறையைத் தேடுங்கள். அச்சுக்கும் பட்டைக்கும் இடையில் கட்டை வைத்துத் தாழ்த்துவது, அச்சு பட்டைக்கு மேலே இருக்கும் வண்டிக்குத்தான் பொருந்தும். அச்சு கீழே இருந்தால் அதே கட்டை வண்டியை உயர்த்திவிடும்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு சோதனை செய்துவிடுங்கள். முன் ஸ்ட்ரட்டின் தூசி உறையை உயர்த்தி, பளபளப்பான தண்டில் ஒரு கேபிள் டையை இறுக்கமாகக் கட்டி, ஸ்ட்ரட்டின் உடலோடு ஒட்டி நிறுத்துங்கள். வயரிங் வேலை செய்பவரிடம் அதற்குப் பஞ்சம் இருக்காது. வழக்கமான ஆட்களை ஏற்றிக்கொண்டு இராமேசுவரம் போய் வாருங்கள். தண்டு அதிகபட்சம் எவ்வளவு உள்ளே போனதோ அதுவரை டை நகர்ந்திருக்கும். அங்கிருந்து ரப்பர் ஸ்டாப்பர் வரை மிஞ்சிய இடைவெளியை அளந்து எழுதுங்கள். அது 30 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் முன்பக்கத்தில் கை வைக்க வேண்டாம்.