லெங்கோங் குகைகளுக்கு ஒருநாள் பயணம்

கேள்வி: சுங்கை சிப்புட் தோட்டப்புறத்திலிருந்து, பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுடன், மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள லெங்கோங் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் குகைகளைக் காணச் செல்ல எண்ணுகிறோம். எவற்றைத் தவறவிடக்கூடாது என்று சென்றுவந்தவர்கள் கூறுவீர்களா?

பதில் 1: ஐயா, 1991இல் குனோங் ருந்து குகையில் கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழைமையான ‘பேராக் மனிதன்’ எலும்புக்கூட்டைப் பற்றிப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி அழைத்துச் செல்லுங்கள், இல்லையேல் அவர்களுக்கு அக்குகை வெறும் பாறைப் பொந்தாகவே தோன்றும். 2012 முதல் அப்பள்ளத்தாக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாகவும் உள்ளது.

பதில் 2: அண்ணன் சொல்வது சரியே. மழைநீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்தே குகைகள் உருவாயின. சொட்டும் நீர் விட்டுச்செல்லும் சுண்ணாம்பு மிக மெதுவாகக் கூம்புகளாக வளர்வதால், அவற்றைத் தொட விடாதீர்கள். பிள்ளைகள் மிகச் சிறியவர்கள் என்றால், நடைபாதையும் விளக்கும் உள்ள கோப்பெங் ஊரின் குவா தெம்புருங் குகையே என் தேர்வு.

கேள்வி கேட்டவர்: நன்றி. மூத்தவனுக்கு லெங்கோங், இளையவளுக்குத் தெம்புருங் என இரு பயணங்களாகவே பிரித்துக்கொள்கிறோம்.