துக்க வீட்டில் "சந்தோஷமாயிருங்கள்" என்று சொல்லலாமா?

குமரிக்காரி:
அப்பாவை அடக்கம் செய்த மூன்றாம் நாள். வீட்டு ஜெபத்துக்கு வந்த ஒரு சபை மூப்பர், அழுதுகொண்டிருந்த அம்மாவைப் பார்த்து பைபிளில் பிலிப்பியர் 4:4 வாசித்தார்: "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்." அதோடு விட்டிருக்கலாம். "அழுதால் விசுவாசத்தின் சாட்சி கெட்டுப்போகும், சந்தோஷத்தைத் தெரிந்தெடுங்கள்" என்றார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காபி போட எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுகிறாள். எனக்கு இது விசுவாசமாகத் தெரியவில்லை. உங்களுக்கு?

பழைய சபையார்:
அவர் சொன்ன விதம் தப்பு. வசனம் தப்பில்லை, தங்கச்சி. அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி ஊர்ச் சபைக்கு அதை ஏ.சி. அறையில் உட்கார்ந்து எழுதவில்லை, விலங்கோடு இருந்து எழுதினார். அதே பிலிப்பியில்தான் முன்பு அவரையும் அவரோடு ஊழியம் செய்த சீலாவையும் அடித்து, கால்களைத் தொழுமரத்தில் மாட்டிவைத்தார்கள். நடுராத்திரியில் இருவரும் பாடினார்கள். முதுகுப் புண் ஆறியா பாடினார்கள்?

எனக்கு ஆறு வருஷமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் இரண்டு தடித்த ஊசி. நர்ஸ் அந்த உறையைக் கிழிக்கிற சத்தம் கேட்டதும் ஒரு கீர்த்தனையை முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவேன். மனசு வந்து பாடுவதில்லை. பாடினால் மனசு மெல்லப் பின்னால் வரும், சில நாள் வராது. சந்தோஷத்தைத் தெரிந்தெடுப்பது என்று நான் சொல்வது இதைத்தான்.

கடுகு:
அண்ணே, அது உங்களுக்காக நீங்கள் எடுத்த முடிவு. பக்கத்துப் படுக்கைக்காரர் முனகும்போது "பாடுங்க பிரதர்" என்பீர்களா?

பழைய சபையார்:
ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏட்டுச்சுரைக்காய்:
4:4-ஐ மட்டும் வெட்டியெடுத்து காலண்டரில் போட்டதால் வந்த வினை இது. அதற்குச் சரியாக ஏழு வசனம் முன்னால், 3:18-ல், "இப்பொழுது கண்ணீரோடும் சொல்லுகிறேன்" என்கிறார் பவுல். அழுதுகொண்டே எழுதிய கடிதம் ஐயா அது! 2-ம் அதிகாரத்தில் அவருடைய உடன் ஊழியர் எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்து பிழைக்கிறார். "துக்கத்தின்மேல் துக்கம்" வராதபடி தேவன் எனக்கும் இரங்கினார் என்கிறார். அப்படியென்றால் ஒரு துக்கம் ஏற்கெனவே அவரிடம் இருந்தது.

இன்னொன்று. அந்த "இருங்கள்" மரியாதைக்குச் சொன்னதில்லை. நம் பழைய மொழிபெயர்ப்பில் ஒற்றை ஆள் என்றால் "நீ" அல்லது "நீர்"தான். கிரேக்கத்திலும் அது பன்மை. எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்கள் முட்டிக்கொண்டிருந்த ஒரு சபைக்கு மொத்தமாகச் சொன்னது. அதை ஒரு விதவையின் தலையில் தனியாக இறக்கி வைத்தால் எப்படி?

பழைய சபையார்:
பன்மை சரி, நான் யோசிக்காதது. ஆனால் அழுவதை நான் எங்கே தடுத்தேன்? நம்பிக்கையற்றவர்களைப்போல துக்கிக்க வேண்டாம் என்றுதான் தெசலோனிக்கேயருக்கும் எழுதினார். கல்லறை வரைக்கும்தான் கதை என்றால் நமக்கு ஈஸ்டர் எதற்கு?

கடுகு:
செத்துப்போன லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டார். அவருடைய சாட்சி கெட்டதா?

பழைய சபையார்:
கெடவில்லை. அழுத கையோடு கல்லறைக்கும் போனார், கல்லை எடுக்கச் சொன்னார். நீங்கள் பாதியில் நிறுத்துகிறீர்கள்.

கடுகு:
அவர் போனார் அண்ணே. அழுதுகொண்டிருந்த லாசருவின் சகோதரி மரியாளிடம் "அழாதே" என்று அந்த இடத்தில் சொல்லவில்லை.

குமரிக்காரி:
எல்லாவற்றையும் படித்தேன். அந்த மூப்பர் ஞாயிறு சாயங்காலம் மறுபடி ஜெபத்துக்கு வருகிறாராம். அன்றைக்கு அவரை 3:18 வாசிக்கச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் வாயாடி என்பார்கள்.

பழைய சபையார்:
சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். நீயே வாசிம்மா. ஆனால் 3:18-ல் ஆரம்பித்து 4:4 வரைக்கும் வாசி, நடுவில் நிறுத்தாதே.