புதுப்பிப்பு: மிருதங்கமும் டிரம்ஸும் க்ளிக்கில் சேராத பிரச்சினை தீர்ந்தது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: வயலின், பேஸ், டிரம்ஸ், மிருதங்கம் வைத்து ஒரு புது மேடை நிகழ்ச்சிக்கு ஒத்திகை பார்க்கிறோம். மிஸ்ர சாபு (ஏழு எண்ணிக்கைத் தாளம்) உருப்படியில் க்ளிக் டிராக் (வேகம் மாறாமல் இருக்கக் காதில் ஓடும் டிக்-டிக் ஒலி) போட்டதும் மிருதங்கம் மட்டும் பின்தங்கியது. க்ளிக் இல்லாமல் வாசித்தால் அச்சாகச் சேர்ந்தது.

மிருதங்கக்காரரின் வயர்லெஸ் இயர்போனைக் கழற்றச் சொன்னவர் சொன்னதுதான் சரி. சாதாரண ப்ளூடூத்தில் ஒலி 100 முதல் 200 மில்லி செகண்ட் தாமதமாக வரும். 150 என்றே வைத்தாலும், ஐம்பது மீட்டர் தள்ளி உட்கார்ந்து தாளம் கேட்பது மாதிரி. மற்றவர்கள் எல்லாரும் வயர் போட்டிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வயர் மாற்றியதும் முதல் தடவையே சேர்ந்துவிட்டது. கை படாமல் இருக்க வயரை ஜிப்பாவுக்கு முதுகுப்பக்கமாக விட்டு கிளிப் போட்டோம்.

க்ளிக்கை 3+4 என்று அழுத்தம் கொடுத்து அமைக்கச் சொன்ன யோசனையும் உதவியது, ஆனால் காரணம் அது இல்லை. வேகத்தைக் குறைத்தது வீண்.

எதிர்பாராதது ஏசி. வறண்ட காற்றில் தோல் இறுகி, மிருதங்கத்தின் வலந்தலைச் (வலது பக்கம்) சுருதி ஏறிவிட்டது. தொப்பியில் (இடது பக்கம்) அப்பும் ரவைப் பசையும் சீக்கிரம் காய்ந்தது. இப்போது வாத்தியத்தை முன்கூட்டியே உள்ளே வைத்துவிட்டு, அப்புறம்தான் சுருதி சேர்க்கிறோம். ரவைக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர்.