டெக்சஸில் மெக்சிகோ எல்லையை ஒட்டிய ரியோ கிராண்டே பள்ளத்தாக்குப் பக்கம் பறவை பார்க்கப் போனவர்கள் சொல்லுங்கள்

பனங்காடை:
வெஸ்லகோவில் எஸ்டெரோ யானோ கிராண்டே பூங்காவுக்குப் போன எல்லாருக்கும் பராக்கே என்ற பறவை தெரிந்திருக்கும். ஹூஸ்டனிலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பி ஓட்டிக்கொண்டு போனோம். முதலைக் குளத்துப் பாதையில் ஒரு வயதான தம்பதி நின்று தரையைக் காட்டி, "இதோ, இங்கேதான்" என்றார்கள். எனக்குச் சருகுதான் தெரிந்தது. என் மனைவிக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "அந்த ஒடிஞ்ச குச்சிக்கு வலப்பக்கம், மீசை தெரியுதா பாருங்க" என்றாள். அதற்கப்புறம்தான் தெரிந்தது. ராத்திரியில் திரியும் நம் ஊர்ப் பக்கிப் பறவையின் சொந்தக்காரன்தான், ஆனால் ஆள் பெரிசு. கண் முழுக்க மூடியிருக்கவில்லை, கீற்றாகக் கொஞ்சம் திறந்திருந்தது.

எடுத்த படம் சரியாக வந்திருக்கிறதா என்று கேமராவைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவையைக் காணோம். பறந்து போகவில்லை. மனைவி அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அதே குச்சி, அதே இடம், எனக்கு மட்டும் மறுபடியும் வெறும் சருகு. அன்றைக்குப் பச்சை ஜே, அல்டமிரா ஓரியோல், கிஸ்கடீ எல்லாம் கண்ணாரப் பார்த்தோம். ஆனால் ராத்திரி மோட்டலில் படுத்தால் அந்தச் சருகுதான் கண்ணுக்குள் நிற்கிறது. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

கரிச்சான்:
எனக்குப் பராக்கே சத்தம் மட்டும்தான் கிடைத்தது, பார்த்ததில்லை. என் கதை சாலினென்யோ. 83-ஆம் நெடுஞ்சாலையில் ரோமாவைத் தாண்டி, ஃபால்கன் அணைக்கு முன்னால் இடதுபுறம் ஆற்றுக்கு இறங்கும் ரோடு. ஆறு அங்கே அப்படி ஒன்றும் அகலமில்லை, அக்கரையில் நாய் குரைத்தால் இங்கே கேட்கும். அக்கரை மெக்சிகோ.

மோர்லே சீட்ஈட்டர் என்ற சின்னக் குருவிக்காக நாணலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பின்னால் எல்லைக் காவல் வண்டி, வெள்ளையில் பச்சைப் பட்டை போட்டது, வந்து நின்றது. வயிற்றில் புளியைக் கரைத்தது. பாஸ்போர்ட் காரில், கார் மேட்டில். இறங்கி வந்த அதிகாரி கேட்ட முதல் கேள்வி, "சீட்ஈட்டர் கிடைத்ததா?" இல்லை என்றேன். இன்னும் கொஞ்சம் மேலே போய் நில், நேற்று வந்தவர்கள் அங்கேதான் பார்த்தார்கள் என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து ஒரு ஆண் வளைய மீன்கொத்தி, மார்பு வயிறு எல்லாம் செங்கல் நிறம், அக்கரை மரத்திலிருந்து கிளம்பிக் கடகடவென்று கத்திக்கொண்டு இக்கரைக்கு வந்தது. ஒரு வட்டம் அடித்தது, வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. சீட்ஈட்டர் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த மீன்கொத்தியை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது என்று எனக்கும் என் நண்பனுக்கும் இன்றுவரை வாக்குவாதம்.

கூழைக்கடா:
இதில் என்ன வாக்குவாதம் கரிச்சான்? ஏபிஏ (அமெரிக்கப் பறவை பார்ப்போர் சங்கம்) விதிப்படி பறவை எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு, பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்பதில்லை. மரத்தில் இருந்தபோது மெக்சிகோ, தலைக்கு மேலே வந்தபோது டெக்சஸ். இரண்டிலும் எழுதிக்கொள்ளலாம்.

பனங்காடைக்கு: பராக்கேயைத் தேடும்போது பறவையைத் தேடாதீர்கள். காற்று அடிக்கும்போது பாருங்கள், சருகெல்லாம் அசையும், அசையாமல் இருப்பது அவர்தான்.

என் அனுபவம் சின்னது. சாண்டா அனா சரணாலயத்தில் விடியற்காலை சச்சலாக்கா என்ற கோழி மாதிரிப் பறவைக் கூட்டம் ஒன்று கத்த ஆரம்பித்ததும் அடுத்த கூட்டம் எசப்பாட்டு பாடியது. கையில் இருந்த காபியைக் கீழே விட்டேன், அவ்வளவுதான்.

இனிப் போகிறவர்களுக்கு முக்கியமான விஷயம் சொல்கிறேன். போகும்போது யாரும் நிறுத்த மாட்டார்கள். திரும்பி வடக்கே வரும்போது, 77-இல் வந்தால் சரீட்டா, 281-இல் வந்தால் ஃபால்ஃபுரியாஸ், இரண்டிலும் சோதனைச்சாவடி உண்டு. எச்1பி வேலை விசா, அவர்கள் குடும்பத்துக்கான எச்4, மாணவர்களின் எஃப்1 யாராக இருந்தாலும் ஒரிஜினல் பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள் வந்த பதிவு) பிரிண்ட் கையில் இருக்கட்டும்; கூடவே எச்1பி, எச்4 என்றால் ஐ-797 அனுமதிக் கடிதம், எஃப்1 என்றால் கல்லூரி தரும் ஐ-20. கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் கார்டையே எடுத்துக்கொண்டு போங்கள். ஃபோனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன் என்று சொல்லாதீர்கள், சட்டப்படி ஒரிஜினல்தான் கையில் இருக்க வேண்டும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் அவர்களுடையதும். எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு டேஷ்போர்டில் வையுங்கள், டிக்கியில் அல்ல. பைனாகுலர், ஸ்கோப் எல்லாம் வெளியே தெரியும்படி இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள், வெயில் காலத்தில் போய்ச் சுருண்டு விழாதீர்கள். பேன்ட்டை சாக்ஸுக்குள் சொருகிக்கொள்ளுங்கள், புல்லில் சிக்கர் பூச்சி கடித்தால் ஒரு வாரம் சொறிய வேண்டியிருக்கும்.

மடிப்பாக்கம் மைனா:
கூழைக்கடா சார், நாங்கள் பறவை கேட்டோம், நீங்கள் ட்ராவல் ஏஜென்சி நடத்துகிறீர்கள் :)

எனக்குப் பிரவுன்ஸ்வில் கிளிகள். ரெட்-கிரவுண்ட் பேரட் என்கிற செந்தலைக் கிளி, நம் ஊர்ச் செந்தலைக் கிளி இல்லை. சாயங்காலம் வீடுகளுக்கு நடுவே கரண்ட் கம்பியில் வந்து அடைகின்றன. மெட்ராஸில் பச்சைக்கிளி பார்த்து வளர்ந்தவளுக்குக் கிளி என்றால் நீள வால், கீச்சுக் குரல். இது கட்டைவால், காட்டுக் கத்தல். கூட்டத்திலிருந்து விலகி ஒரு ஜோடி மட்டும் ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. ஒன்று தலையைக் குனிந்து கொடுக்க, மற்றது பிடரி இறகை ஒவ்வொன்றாகக் கோதிவிட்டது. எங்களுக்குப் பக்கத்தில் ஒருவர் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். நாங்கள் நாலு பேர் வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்ப்பதைப் பார்த்தார். தானும் ஒரு தடவை மேலே பார்த்தார், தோளைக் குலுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவருக்கு அது தினசரி இரைச்சல்.

கூழைக்கடா:
அதெல்லாம் கூண்டிலிருந்து தப்பியவை, காட்டுப்பறவை இல்லை.

மடிப்பாக்கம் மைனா:
எதை வைத்து இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்? இந்தக் கிளியின் சொந்த ஊரே ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தமோலிபாஸ் மாநிலமும் அதற்குக் கீழே உள்ள பகுதியும்தான். அங்கே காட்டை அழித்தும் குஞ்சுகளைப் பிடித்து விற்றும் அருகிப்போய்விட்டது. கொஞ்சம் தப்பியிருக்கலாம், கொஞ்சம் தானே பறந்து வந்திருக்கலாம், யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. டெக்சஸ் மாநிலப் பறவைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். உங்கள் ஏபிஏ விதியை இங்கேயும் கொஞ்சம் பாருங்கள்.

நெய்தல்:
சண்டைக்கு நடுவில் என்னுடையதையும் போட்டுவிடுகிறேன். சாபல் பாம் சரணாலயம், அதுவும் பிரவுன்ஸ்வில்தான். எல்லை வேலியில் விட்டிருக்கும் இடைவெளி வழியாக உள்ளே போக வேண்டும், சரணாலயம் வேலிக்குத் தெற்கே இருக்கிறது. மண்ணோ அமெரிக்க மண். பனந்தோப்பு வழியாக நடக்கும்போது, காய்ந்த ஓலை காற்றில் உரசும் சத்தம் கேட்டதும் சாயர்புரத்தில் எங்கள் தாத்தா வீட்டுப் பின்பக்கம் நடக்கிற மாதிரியே இருந்தது.

ஆலிவ் குருவி ஒன்று காலடியில் சருகைக் கிளறிக்கொண்டிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பையில் இருந்த ஃபோன் "டிங்" என்றது, குருவி புதருக்குள் போய்விட்டது. எடுத்துப் பார்த்தால், மெக்சிகோவுக்கு வரவேற்கிறோம் என்று ஒரு மெசேஜ். அக்கரை டவர் பிடித்துவிட்டது. அந்தக் குருவிக்காக அரை நாள் அங்கேயே கிடந்தேன், திரும்ப வரவே இல்லை.

கரிச்சான்:
எனக்கும் சாலினென்யோவில் அதே மெசேஜ் வந்தது. ரோமிங் சார்ஜ் போட்டார்களா உங்களுக்கு?