எட்டாம் நாளுக்குக் கடுஷி சூப்

குழு: ரின்கோன் வீடு (பொனேர் தீவு)

ரின்கோன் அத்தை: வெள்ளிக்கிழமை அம்மாவின் எட்டாம் நாள் துக்கம். ஜெபம் முடிந்ததும் கடுஷிக் கள்ளி சூப். கடைசி வாரம் முழுவதும் அதைத்தான் கேட்டார். என்னால் கொடுக்க முடியவில்லை.

தம்பி: கள்ளி வெட்டிவிட்டேன் அத்தை. பாருங்கள்.
[படம்]

ரின்கோன் அத்தை: இது யாட்டு! வேலிக்கு நடுவது.

குராசாவ் மாமா: இங்கே குராசாவ் தீவில் டத்து என்போம்.

ரின்கோன் அத்தை: எப்படிச் சொன்னாலும் சூப்புக்கு ஆகாது. யாட்டு தரையிலிருந்தே கொத்தாகக் கிளம்பும். கடுஷிக்கு மரம்போல ஒற்றை அடித்தண்டு. கிளைகள் மேலேதான் பிரியும். இளங்கிளையாகப் பார்த்து வெட்டு. முள்ளைச் சீவி, மேல்தோலை உரித்து, நடுக்கட்டையை எறிந்துவிடு. பச்சைச் சதையை நறுக்கி வேகவைத்து லேலேயால், அதுதான் நம் மர மத்தால், கடைய வேண்டும். பன்றிவாலை முந்தின இரவே ஊறப்போட்டு உப்பை இறக்க வேண்டும். இறால் கடைசியில்தான்.

தம்பி: கையெல்லாம் முள்.

ரோட்டர்டாம் அக்கா: இடுக்கியால் எடு, தேய்க்காதே. இங்கே நான் கடுஷிக்கு எங்கே போவேன்? வெண்டைக்காயில் கியாம்போ சூப் வைக்கிறேன். வழுவழுப்பாவது இருக்கும்.

ரின்கோன் அத்தை: வை கண்ணே. அம்மாவுக்கு அதுவும் பிடிக்கும்.

தம்பி: கடுஷியில் மதுவே வடித்து நம் ஊரில் விற்கிறார்களே, அவர்களிடம் கேட்கவா?

ரின்கோன் அத்தை: வேண்டாம். நம் தோட்டத்துக் கள்ளிதான்.

குராசாவ் மாமா: மிக்ஸியில் அடித்தால் என்ன?

ரின்கோன் அத்தை: அம்மாவின் சூப்பை மிக்ஸியிலா? லேலே எங்கே?

ரோட்டர்டாம் அக்கா: மாமாவிடம்.

ரின்கோன் அத்தை: என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்கு வருடமாக எல்லாப் பெட்டியிலும் தேடினேன்.

குராசாவ் மாமா: அம்மாதான் கையில் கொடுத்தார், அக்கா.

தம்பி: நாற்காலி எத்தனை?

குராசாவ் மாமா: [படம்]

ரின்கோன் அத்தை: அதேதான். ஒரு கவைமுனை தேய்ந்து குட்டையாகிவிட்டது பார். பானை அடியைத் தொட்டுத் தொட்டே தேய்ந்தது. அப்பா கொய்யா மரத்திலிருந்து வெட்டியது என்பார் அம்மா.

குராசாவ் மாமா: வியாழக்கிழமை டிக்கெட் கிடைத்தால் கொண்டுவருகிறேன்.

ரின்கோன் அத்தை: கிடைத்தால் என்றால்?

குராசாவ் மாமா: பார்க்கிறேன் அக்கா. விலை ஏறியிருக்கிறது.

ரோட்டர்டாம் அக்கா: பாதி நான் தருகிறேன், வாருங்கள்.

ரின்கோன் அத்தை: கொண்டுவந்தால் அது இங்கேயே இருக்க வேண்டும்.

குராசாவ் மாமா: வந்து பேசுவோம்.

தம்பி: இது கடுஷிதானே?
[படம்]

ரின்கோன் அத்தை: ஆமாம். இன்னும் இரண்டு கிளை வெட்டு. சோளமாவு ஃபுஞ்சி யார் கிண்டுவது?

தம்பி: நாற்காலி?